கசிவு தொடங்கும் இடம்

டெட்ராய்ட் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், தரைக்குக் கீழே ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியது. 1,500 ஏக்கருக்கு மேல் பரப்பு. உள்ளே வண்டிகள் ஓடும் பாதைகளை நீட்டிவைத்தால் 160 கிலோமீட்டர் வரும். அங்கே வெட்டியெடுக்கும் கல்லுப்பு, பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனிக்கட்டியை இளக்குவதற்காகத் தாரின்மேல் கொட்டப்படுகிறது. தரைக்கு மேலே மோட்டார் வண்டி செய்து பிழைத்த நகரம். தரைக்குக் கீழே அந்த வண்டியை அரிக்கும் உப்பு.

சுரங்கத்தை ஒட்டிய சிற்றூர் மெல்வின்டேல். அங்கே ஒரு குடியிருப்புத் தெரு முடிகிற இடத்தில், இரண்டு வண்டி நிறுத்தும் அகலத்தில் ஒரு பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பாதி உயர்த்திய இரும்புக் கதவும், உள்ளே எரியும் குழல்விளக்கும்தான் அடையாளம். தரை முழுக்கப் பழைய எண்ணெயின் கறை ஊறியிருக்கிறது. ஆனால் புதுக் கறை ஒன்றுகூட இல்லை. ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே துணி எடுத்துத் துடைத்துவிடுகிற ஆளின் தரை அது.

பெரியவர் அறுபதைத் தாண்டியவர். நெடிய உடம்பு. வண்டிக்கடியில் ஒருக்களித்துப் படுத்தே பழகியதால் இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது. மூக்கில் ஒரு கண்ணாடி. கழுத்துக் கயிற்றில் இன்னொன்று. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சிறிய டார்ச். வேலையைப் பார்க்க வந்து நிற்பவர்களை அவர் விரட்டுவதில்லை. அவர் போடும் நிபந்தனை ஒன்றுதான்: வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அதனால் நான் சுவரோரம், கழற்றிப்போட்ட ஒரு வண்டி இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அன்று முழுவதும் நான் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை.

சுவரில் ஒரு பழைய தொழிற்சாலையின் புகைப்படம். வில்லோ ரன். இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்த இடம். 1953 ஆகஸ்ட் 12 அன்று லிவோனியாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் ஆலை தீயில் அழிந்தது. தானாகக் கியர் மாற்றும் பெட்டிகளைச் செய்த ஆலை அது. அந்த வேலை வில்லோ ரன்னுக்குப் போனது. அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே கியர்பாக்ஸ் செய்தார்கள். 2010இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. பெரியவர் கடைசிவரை அங்கே இருந்தவர். கையால் பூட்டி அனுப்பிய பெட்டிகள் உலகத்தில் என்ன பாடுபடுகின்றன என்பதை இந்தப் பட்டறையில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்.

மார்ச் மாதக் கடைசி. உப்புக் காலம் முடிகிற நேரம். 2002ஆம் வருட செவர்லே சில்வராடோ பிக்கப் ஒன்று உள்ளே வந்தது. முன்பக்கம் பனி தள்ளும் பிளேடை மாட்டுகிற இரும்புச் சட்டம் இன்னும் கழற்றப்படவில்லை. சக்கரங்களுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருவேறி விளிம்பு உதிர்ந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். கோடையில் பிறர் வீட்டுப் புல்வெளி வெட்டுவது, பனிக்காலத்தில் வாசல் பனி தள்ளுவது, இரண்டுக்கும் இந்த ஒரே வண்டி. சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“வாசல் தரையில சிவப்புப் பொட்டு விழுது. ரிவர்ஸ் போட்டா வண்டி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுத்தான் நகருது.”

பெரியவர் சாவியை வாங்கவில்லை. “எஞ்சினை நிறுத்தாதீங்க” என்றார்.

அடியில் குனிவதற்கு முன்பே பானெட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பின்னால், வலதுபுறச் சுவரை ஒட்டி மேலே வருகிற குழாயிலிருந்து நீளமான டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்தார், செருகினார், மறுபடி உருவினார். கம்பியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. ‘ஊற்று’ என்று குறிக்கும் கோட்டுக்கும் கீழே. நனைந்த நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒற்றினார். பரவிய கறையை வெளிச்சத்தில் பிடித்து, பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

அந்தக் காகிதத்தில்தான் முதல் தீர்ப்பு இருந்தது. புதுத் திரவம் செர்ரிப் பழச் சிவப்பில் தெளிந்திருக்கும். ஓடி ஓடிக் களைத்தது மெல்லப் பழுப்பாகும். உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து தீய்ந்திருந்தால் கறை கறுத்து, கருகிய வாடை அடிக்கும். காகிதத்தில் நடுவே பொடி நின்றுவிடும். அந்த நிலைக்கு வந்த பெட்டிக்குக் குழாய் மாற்றுவது வீண்செலவு. இங்கே கறை பழுத்த சிவப்பு. பொடி இல்லை.

“கருகல் வாடை இல்லை. பெட்டி பிழைச்சுக்கும்” என்றார். ஒரு லிட்டர் போல ஊற்றிவிட்டுத்தான், கசிவைத் தேடுகிற நேரத்துக்குப் பெட்டி வறண்டு ஓடக் கூடாது என்று, எஞ்சினை மேலும் ஓட விட்டார்.

தேட வேண்டிய பாதை நீளமானது. தானியங்கிக் கியர்பெட்டியில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துவதில் முதல் கை இந்தத் திரவத்துடையது. டார்க் கன்வெர்ட்டர் என்கிற கிண்ணத்துக்குள் ஒரு விசிறி திரவத்தை எறிகிறது. எதிரே உள்ள விசிறி அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. இரண்டின் வேகமும் ஒன்றாக இல்லாதபோது திரவம் உராய்ந்து சூடாகும். பனி தள்ளும் வண்டிக்கு இந்தச் சூடு மிக அதிகம். முன்னே போ, பாரத்தில் முட்டு, நில், பின்னே வா, மறுபடி முன்னே. வேகம் இல்லாததால் காற்றும் இல்லை. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு எஃகுக் குழாய்கள் போகின்றன. விட்டம் 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். ஒன்றில் சூடான திரவம் போகும். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் கூலண்ட் நடுவே மூழ்கிக் கிடக்கும் சிறு கூலருக்குள் புகுந்து ஆறும். இழுவைக்குத் தயார்செய்த வண்டிகளில் முன்னால் தனியாக இன்னொரு கூலரும் உண்டு. அதையும் தாண்டி மற்ற குழாய் வழியாகத் திரும்பி வரும்.

திரும்பி வருகிற திரவத்துக்கு இன்னொரு கடமை இருக்கிறது. பெட்டிக்குள் சுழலும் பல்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் எண்ணெய் போடுவதே அதுதான். குழாய் அடைத்தாலும் உடைந்தாலும் சூடு ஏறுவதோடு நிற்காது. பல்சக்கரங்கள் காய்ந்த இரும்பில் உரசத் தொடங்கும். சட்டென்று குழாய் அறுந்துபோன வண்டி பம்பு தள்ளிய வேகத்திலேயே தன் திரவத்தைச் சாலையில் கொட்டிவிடும். பல நூறு பாகங்கள் கொண்ட பெட்டியின் ஆயுள் விரல் பருமன்கூட இல்லாத குழாயில் நிற்கிறது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளை நிறுத்தினார் பெரியவர். இரண்டு கைகளாலும் வண்டியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மறுபக்கம் போய் இன்னொரு முறை ஆட்டிவிட்டுத்தான் சக்கரப் பலகையில் படுத்து உள்ளே போனார்.

கியர்பாக்ஸ் அடித்தட்டின் பின்மூலையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. என் இருக்கையிலிருந்தே தெரிந்தது. அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்து, “அந்த கேஸ்கட்தானா?” என்று கேட்டார். அடித்தட்டு கேஸ்கட் மலிவு. அதை மாற்றிவிட்டுக் காசு வாங்குவது எளிது. பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. டார்ச்சைச் சொட்டிலிருந்து முன்னோக்கி நகர்த்தினார். தட்டின் விளிம்பு நனைந்திருந்தது. அதற்கு முன்னாலும் நனைந்திருந்தது. அதற்கும் முன்னால், எஞ்சின் எண்ணெய்த் தட்டின் பக்கவாட்டிலும் ஈரம்.

“சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. ஓடுற வண்டியில எண்ணெயைக் காத்து பின்னால தள்ளிட்டுப் போகும்” என்றார்.

பிறகு எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு முழுவதையும் கழுவினார். அழுக்கு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு அங்குலமாகத் துடைத்தார். துடைத்த துணியை மடித்துச் சுத்தமான பக்கம் மாற்றினார். அது தீர்ந்ததும் வேறு துணி. கால்மணி நேரம் துடைப்பு மட்டுமே. ஸ்பேனரை எடுக்கவே இல்லை. இரும்பு காய்ந்ததும் எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டு, விலகி ஓரமாகப் படுத்து, டார்ச்சைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். இளைஞன் ஒருவன் செய்தால் சோம்பல் என்று தோன்றக்கூடிய அசைவின்மை. அவருடைய கண்ணைப் பார்த்தால்தான் வேலை நடக்கிறது என்று தெரியும். ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்கு, அங்கிருந்து வளைவுக்கு, வளைவிலிருந்து பிடிக்கு என்று அந்தக் கண் குழாயின் வழியே நடந்துகொண்டிருந்தது.

ஒரு கட்டத்தில் கை நீண்டது. எஃகுக் குழாயும் ரப்பர்க் குழாயும் சேருமிடத்தில், ஆலையில் நெரித்து இறுக்கிய அலுமினிய வளையத்தின் ஓரத்தில், ஒரு மினுமினுப்பு. மினுமினுப்பு தடித்தது, சிவந்தது, ஓடத் தொடங்கியது. “இதோ” என்றார். அதற்குப் பிறகும் எழுந்துவரவில்லை. ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினால் மற்றது ஒளிந்துகொள்ளும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு குழாய்களையும் எஞ்சின் அருகே சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடியை நெம்பித் திறந்தார். உள்ளே சாம்பல் நிறச் சேறு இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார். சேற்றோடு குழாயின் தோலும் பெயர்ந்து வந்தது.

உப்பு அரிப்பது இப்படித்தான். திறந்த இடத்தில் பட்ட உப்புநீரை மழை கழுவும், காற்று உலர்த்தும். பிடிக்குள் புகுந்த சேற்றை யாரும் கழுவுவதில்லை. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் குளோரைடோடு சேர்ந்து எஃகின் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே இறங்கும். ஆட்டம் இல்லாமல் காக்க வைத்த பிடியே அரிப்புக்கு மறைவிடம் ஆகிவிடுகிறது. ரப்பர் கசிந்தது இன்று. பிடிக்கடியில் எஃகு விட்டுப்போவது அடுத்த பனிக்காலத்தில், பாரம் இழுக்கும்போது.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் இரண்டு வழி சொன்னார். ஆலைக் குழாய்த் தொகுப்பு முழுவதும் வாங்கலாம். அதுவும் எஃகு, அதுவும் துருப்பிடிக்கும். அல்லது முன்பாதியை அறுத்துவிட்டு, துருப்பிடிக்காத நிக்கல்–செம்புக் கலவைக் குழாயை வளைத்துப் போடலாம். பின்பாதி எஃகு நன்றாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். “வெறும் செம்பு போட்டா மலிவு. ஆனா எஞ்சின் அதிர்வுல நாளாக நாளாக இறுகி விரிசல் விடும். அதை நான் போடறதில்லை.” அந்தப் பெண் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்.

ரேடியேட்டர் முனையிலிருந்து தொடங்கியது கழற்றுதல். அங்கே குழாய் திருகில் இல்லை. ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும் அழுத்து இணைப்பு. மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை நகர்த்தி, கொக்கி முனையால் வளையத்தின் ஒரு காதைத் தூக்கினார். துரு விடவில்லை. எண்ணெய் தெளித்துக் காத்திருந்து, மறுபடி தூக்கினார். வளையம் இரண்டாக ஒடிந்தது. கீழே விழவிருந்த துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். இணைப்பையே மாற்ற வேண்டும். அதற்கு ரேடியேட்டர் தொட்டியில் பதிந்த நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, மற்றதால் திருக வேண்டும். தொட்டி பிளாஸ்டிக். ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் நட்டோடு உள்ளிருக்கும் கூலரும் திரும்பி, தொட்டியும் பிளந்துவிடும். இரண்டு ஸ்பேனர்களும் எதிரெதிராக இறுகின. அவருடைய முன்கையில் நரம்பு புடைத்ததே தவிர, ரேடியேட்டர் ஒரு மயிரிழையும் அசையவில்லை.

திறந்த வாய்களை உடனே மூடினார். கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். ஆரஞ்சு நிறக் கூலண்ட் தெளிந்திருந்தது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையானால் எண்ணெயும் கூலண்டும் கலந்து இளஞ்சிவப்பு நுரையாகத் திரளும். இந்த ஊர் மெக்கானிக்குகள் அதை ‘ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக்’ என்பார்கள். கூலண்ட் புகுந்த பெட்டியில் கிளட்ச் தட்டின் உராய்வுப் பரப்பே ஊறிப் பெயர்ந்துவிடும். அதனால்தான் புதுக் குழாய் போடுமுன் இந்த ஒரு பார்வை.

குழாயைக் கத்தரித்தது துரு முடிந்த இடத்தில் இல்லை. அதற்கும் ஒரு சாண் பின்னால், உப்புத்தாள் தேய்த்ததும் எஃகு பளிச்சென்று முகம் காட்டிய இடத்தில். ரம்பத்தை அவர் தொடவில்லை. உருளும் தகடு வைத்த டியூப் கட்டரைக் குழாயைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகு கொஞ்சம் இறங்கியது. ரம்பம் தூள் போடும். கியர்பெட்டியின் மூளையாக இருக்கும் வால்வுத் தொகுதியில் திரவம் ஓடும் வழிகள் மிகக் குறுகல். ஒரு உலோகப் பிசிறு போதும், ஒரு வால்வு சிக்கிக்கொள்ள. அறுந்த முனையின் உட்புற விளிம்பைச் சுரண்டிச் சமன் செய்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காற்றடித்து, விரல் நுனியைச் செருகித் தடவினார். விரலைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார்.

புதுக் குழாய் சுருளாக இருந்தது. பழைய குழாயை மேசையில் கிடத்தி, ஒரு மெல்லிய கம்பியை அதன்மேல் படியவைத்து வளைத்து, அந்தக் கம்பியை அளவாக எடுத்துக்கொண்டார். வளைக்கும் கருவியில் வைத்து ஒரே இழுப்பில், நடுவில் நிறுத்தாமல் வளைத்தார். நெளிந்தால் உள்ளே வழி குறுகும். ரப்பர் ஏறப்போகும் முனைகளில், இரட்டை ஃபிளேர் அச்சின் முதல் அழுத்தத்தோடு நிறுத்தி, சின்னதாய் ஒரு புடைப்பு எழுப்பினார். அந்த வரம்பு இல்லாமல் போட்ட ரப்பர், சூட்டில் அழுத்தம் ஏறும்போது நழுவிக் கழன்றுவிடும்.

ரப்பரே வேண்டாமே என்று தோன்றலாம், கசிந்தது அதுதானே. எஞ்சினும் கியர்பெட்டியும் ரப்பர்த் திண்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து எழும். ரேடியேட்டரோ சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. இடையில் வளைந்துகொடுக்க ஒன்று வேண்டும். பெரியவர் எடுத்த ஹோஸில், கியர்பெட்டிக் கூலருக்கு உரியது என்று வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்தது. சூடான இந்த எண்ணெயில் வேறு வகை ரப்பர் சில மாதங்களில் இளகிவிடும். புடைப்பைத் தாண்டி நன்றாக ஏற்றி, சுற்றிலும் ஒரே அளவாக இறுக்கும் கிளிப்புகளைப் போட்டார். திருகை இறுக்கும்போது ரப்பர் கிளிப்புக்கு மேலே பிதுங்குகிறதா என்று பார்த்து, பிதுங்குமுன் நிறுத்தினார். சைலன்சர் குழாயின் சூடு படாதவாறும், எஞ்சின் சாயும்போது இழுபடாதவாறும் கொஞ்சம் தளர்ச்சி விட்டு வழி அமைத்தார். ரேடியேட்டர் முனையில் புது இணைப்புக்குள் குழாயைத் தள்ளினார். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. சத்தத்தை நம்பாமல் இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பிறகே மூடியைத் தள்ளிப் பொருத்தினார்.

கியர்பெட்டியின் அடித்தட்டையும் இறக்கினார். திரவம் பழுத்திருந்தது, வடிகட்டியும் பழசு. தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மிருதுவான குழைவு. கட்டைவிரலால் தேய்த்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். “இது வயசு. செதில் செதிலா மின்னினாத்தான் நோய்.” தட்டைக் கழுவி, காந்தத்தைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்து, புது வடிகட்டி போட்டு மூடினார். போல்ட்டுகளை வரிசையாக இறுக்கவில்லை; குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில்.

அலமாரியில் டெக்ஸ்ரான் 6 புட்டிகள் வரிசையாக நின்றன. 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த தரம். அதற்கு முந்தைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் அந்நிறுவனத்துத் தானியங்கிப் பெட்டிகளுக்கும் இதையே ஊற்றலாம். அவற்றுக்கு மேல்தட்டில், எழுத்து மங்கிய ஒரு காலித் தகர டப்பா. ‘டைப் ஏ’ என்ற பழைய திரவத்துடையது. 1949இல் வந்த தரம். அந்தக் காலத்துக் கியர்பெட்டித் திரவங்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்திருக்கும். கிளட்ச் தட்டுகள் அதிராமல் வழுவழுப்பாகக் கவ்விக்கொள்ள அதற்கு இணையாக எதுவும் அப்போது கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் திமிங்கிலப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை போட்ட பிறகு, வேதியியல் கூட்டுகளால் அதே குணத்தைக் கொண்டுவரப் பல வருடம் பாடுபட்டார்கள். கடலில் ஓர் உயிரைக் கொன்று எடுத்த வழுவழுப்பில் நிலத்தில் வண்டிகள் ஓடியிருக்கின்றன. இன்றைய புட்டியில் அந்தக் கடன் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

டிப்ஸ்டிக் வரும் குழாயில் நீண்ட புனல் வைத்து ஊற்றினார். தட்டை மட்டும் இறக்கினால் நாலரை லிட்டருக்கு மேல் கொள்ளும். குழாய்களில் வடிந்ததும் சேரும். ஆனால் கணக்கை நம்பி எல்லாவற்றையும் கவிழ்க்கவில்லை. நாலு லிட்டரில் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பி, அளவு பார்த்து, கொஞ்சம் ஊற்றி, மறுபடி பார்த்தார். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கூடிவிட்டால் சுழலும் பாகங்கள் திரவத்தைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் தாங்காது, கிளட்ச் வழுக்கும், சூடு ஏறும். குறைவு கெடுக்கும் அளவுக்கு மிகுதியும் கெடுக்கும்.

அந்தப் பெண்ணையே ஓட்டச் சொல்லி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். சூடு ஏறினால்தான் சரியான அளவு தெரியும்; திரவம் விரிவடையும், அதற்குத்தான் கம்பியில் குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி, சூடான நிலைக்கு ஒரு குறி. சரியாகச் சூடேறியிருந்தால் திரவம் 80, 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். திரும்பி வந்ததும் பட்டறையின் சமதரையில் நிறுத்தினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் டிப்ஸ்டிக்கைத் தொடவில்லை. நூல் பிரியாத ஒரு துணியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு நொடி நிறுத்துங்க. ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், கீழ வரைக்கும். திரும்ப பார்க். இப்ப எல்லா வழியிலும் எண்ணெய் நிறைஞ்சிருக்கும். எஞ்சினை அணைச்சுட்டுப் பார்த்தா மேலே இருக்கறது எல்லாம் தட்டுக்கு வடிஞ்சிரும். கம்பி பொய் சொல்லும்.”

அந்தப் பெண் அப்படியே செய்தார். இறங்கி வந்து கம்பியை உருவினார். முதல் உருவலில் குழாயின் சுவரில் ஒட்டியதும் சேர்ந்து வரும் என்பதால் அதைத் துடைத்துவிடச் சொன்னார் பெரியவர். முழுதாகச் செருகி, மறுபடி உருவி, கம்பியைக் கிடைமட்டமாகப் பிடித்தார் அந்தப் பெண். ஒரு பக்கத்தில் ஈரம் உயரமாகவும் மறுபக்கத்தில் தாழ்வாகவும் இருந்தது. “எதை எடுத்துக்கறது?” தாழ்ந்ததை என்றார் பெரியவர். இன்னொரு முறை. இன்னொரு முறை. மூன்று முறையும் ஈரம் ஒரே இடத்தில், சூட்டுக் குறியின் வரிக்கோட்டுக்குள் நின்றது. சிவப்பு, தெளிவு.

“சரியா இருக்கு” என்றார் அந்தப் பெண். அதுவரை அவர் பேசியதெல்லாம் கேள்வியாக இருந்தது. இது தகவல். அவருடைய வண்டியைப் பற்றி அவரே படித்துச் சொன்ன தகவல்.

பெரியவர் மறுபடி கீழே படுத்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் சுற்றி அழுத்தி எடுத்தார். எல்லாமே உலர்ந்து வந்தன. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்: ஒரு வாரம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். உப்புக் காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், பிடிகளுக்குள்ளும். பனி தள்ளும்போது வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்ற வேண்டும். அக்டோபரில் பிளேடு மாட்டுமுன் ஒருதரம் கொண்டுவர வேண்டும். பின்பாதி எஃகை அப்போது பார்க்கலாம்.

இப்போது வருகிற பல வண்டிகளில் அந்த நீளக் கம்பி இல்லை. அளவு பார்க்க வண்டியைச் சமமாக உயரத்தில் தூக்கி, கணினியை மாட்டித் திரவத்தின் வெப்பநிலையைப் பார்த்து, குறித்த சூட்டில் பக்கவாட்டுத் திருகைத் திறக்க வேண்டும். ஆயுளுக்கும் மாற்றவேண்டாத திரவம் என்றுகூடச் சிலவற்றைச் சொல்லி விற்கிறார்கள். தவறான எண்ணெயை யாரும் ஊற்றிவிடக் கூடாது, தூசு உள்ளே போகக் கூடாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பியோடு போவது பெரிது. ரிவர்ஸ் யோசிக்கிறது என்று தோன்றிய அன்றே, தன் வாசலில் நின்று, ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமை அது. அந்த உரிமை இருக்கும்வரை, புல் வெட்டிப் பனி தள்ளிப் பிழைக்கிற ஒருவர் கேஸ்கட்டை மாற்றச் சொல்லும் ஆளிடம் ஏமாற வேண்டியதில்லை.

உப்பு நிற்கப்போவதில்லை. மெல்வின்டேலுக்குக் கீழே வெட்டுகிறார்கள். வரும் பனிக்காலத்திலும் அது சாலையில் விழும், பிடிகளுக்குள் புகும், எஃகைத் தின்னும். அதை எதிர்த்து ஒரு பழைய வண்டிக்கு இருக்கும் பாதுகாப்பு, யாராவது ஒருவர் சொட்டைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், துடைத்துக் காயவைத்து, கசிவு தொடங்கும் இடம்வரை போய்ப் பார்ப்பதுதான். இதுவரை அந்த ஒருவர் பெரியவராக இருந்தார். அந்தப் பெண் வண்டியைக் கிளப்புமுன், பெரியவரிடம் அந்தத் துணியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். “வண்டியிலயே வச்சுக்குங்க. அடுத்த வாரம் வேணுமே” என்று சொல்லிவிட்டு, பெரியவர் தரையைத் துடைக்கப் போனார்.